ஒரே பேரேட்டை இரண்டு கம்ப்யூட்டரில் திறந்தோம்

திருப்பூரில் மூன்று சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒன்று உள்நாட்டு ஆர்டருக்கு டி-ஷர்ட் தைக்கும் பனியன் கம்பெனி. இன்னொன்று காஜா பட்டன் ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்கள் தைத்த துணிக்குப் பொத்தான் துளையும் பொத்தானும் போட்டுக் கொடுப்பது. மூன்றாவது லேபிளும் அட்டைப்பெட்டியும் விற்கும் பிரைவேட் லிமிடெட். மூன்றுமே டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் ஓடுகின்றன. பனியன் கம்பெனியில் 2020 அக்டோபரில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று நாங்கள் செய்த ஏற்பாட்டை இன்றைக்கும் பல ஆபீஸ்களில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தது, நான் வீட்டில் இருந்தேன். மே மாதம் பாதி ஆட்களோடு வேலை திரும்பத் தொடங்கியபோதும் என்னால் போக முடியவில்லை. அப்பாவுக்கு இருதயக் கோளாறு, வெளியே போய் நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாதென்ற பயம். ஆபீஸில் இருந்த தம்பி விற்பனை பில் போடுவான். கொள்முதல், பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்பு. இரண்டும் ஒரே கணக்கில் ஏறியாக வேண்டும்.

முதலாளி அண்ணாவின் மருமகன் ஒரு வழி சொன்னார். ஒரு கிளவுட் சேமிப்புக் கணக்கை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் என் லேப்டாப்பிலும் போட்டு, டேலியின் டேட்டா ஃபோல்டரை அதற்குள் நகர்த்திவிட்டார். என் லேப்டாப்பில் சொந்த லைசென்ஸ் இருந்தது, அதனால் அதில் சிக்கலில்லை. அன்று சாயங்காலமே தம்பி போட்ட பில்கள் என் வீட்டுத் திரையில் தெரிந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பென்டிரைவ் கொண்டுபோக வேண்டாம், மெயிலில் அனுப்ப வேண்டாம்.

ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். ஒருவர் வேலை முடிந்ததும் டேலியில் கம்பெனியை (நிறுவனத்தின் கணக்கை அதில் அப்படித்தான் சொல்வார்கள்) மூடிவிட்டு வாட்ஸ்அப்பில் 'மூடிட்டேன்' என்று போட வேண்டும். மற்றவர் தன் பக்கம் ஃபைல்கள் வந்து சேர்ந்ததைக் காட்டும் பச்சை டிக் வந்த பிறகுதான் திறக்க வேண்டும். நான்கு மாதம் ஒரு பில்கூடத் தவறவில்லை. அந்த நான்கு மாதம்தான் எங்களை நம்ப வைத்தது. முதல் வாரத்திலேயே உடைந்திருந்தால் அப்போதே விட்டிருப்போம்.

அக்டோபர் 7, புதன்கிழமை. தீபாவளிச் சரக்கு மதுரைக்கும் சேலத்துக்கும் போய்க்கொண்டிருந்த நேரம். தம்பி அன்று 395-லிருந்து 412 வரை 18 பில் போட்டிருந்தான். இரவு ஏழு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, டேலி திறந்திருந்தபடியே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. இன்டர்நெட் ரவுட்டரும் அதோடு நின்றது. அவன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, பில்லெல்லாம் போட்டாச்சுங்க. கரண்ட் போயிருச்சு, நான் கிளம்பறேனுங்க."

என் லேப்டாப்பில் பச்சை டிக் இருந்தது. சரி, எல்லாம் வந்துவிட்டது என்று திறந்தேன். பதினொரு மணி வரை உட்கார்ந்து நூல் பில், டையிங் பில் என்று 26 கொள்முதல் பதிவு செய்தேன். கிளவுடுக்கு வந்து சேர்ந்தது என்னிடமும் வந்துவிட்டது, அந்த டிக்குக்கு அவ்வளவுதான் பொருள். அணைந்துபோன கம்ப்யூட்டருக்குள் ஏற்றப்படாமல் என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பி கம்ப்யூட்டரைப் போட்டதும் சின்க், அதாவது இரண்டு பக்கத்து ஃபைல்களையும் கிளவுட் வழியாக ஒன்றுபோல ஆக்கும் வேலை, ஓடத் தொடங்கியது. அந்த ஃபோல்டர் எப்படி இருந்தது என்று இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று நாங்கள் வைத்திருந்த டேலி ஈஆர்பி 9 பதிப்பில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐந்து இலக்க எண்ணில் ஒரு ஃபோல்டர். எங்களுடையது 10000. உள்ளே 900 என்று முடியும் பல ஃபைல்கள். சிலவற்றில் நேற்று இரவு 11 மணி நேரம், அது என் வேலை. சிலவற்றில் 7.08, அது தம்பியின் வேலை. இன்னும் மூன்று ஃபைல்கள் புதிதாக முளைத்திருந்தன. பழைய பெயரோடு ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெயரும் தேதியும் ஒட்டிக்கொண்டு, 'முரண்பட்ட நகல்' என்ற குறிப்போடு.

ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் மாறியிருந்தால் எது சரி என்று சின்க் செய்யும் மென்பொருளுக்குத் தெரியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்தில் நகலாகப் போட்டுவிடும். கடிதத்துக்கோ போட்டோவுக்கோ அது நல்ல ஏற்பாடு, இரண்டையும் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு அப்படி இல்லை. ஒரு கொள்முதலைப் பதிவு செய்தால் வவுச்சர், பார்ட்டி பாக்கி, ஸ்டாக், வரி எல்லாம் மாறுகின்றன. அந்த மாற்றம் பல ஃபைல்களில் ஒன்றாக விழுகிறது. சின்க் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறது. பாதி ஃபைல் தம்பியுடையது, பாதி என்னுடையது என்று சேர்ந்தால் அது இரண்டு பேருடைய கணக்கும் இல்லை.

கம்பெனி திறக்கவில்லை, பிழைச் செய்தி வந்தது. நான் போன் எடுப்பதற்குள் தம்பி கண்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் அழுத்தி ரீரைட் கொடுத்துவிட்டான். அந்த விசை அந்தப் பதிப்பில் டேட்டாவைப் பழுதுபார்க்கும். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்தான். திறந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் நாள்வாரியாகப் பதிவுகளைக் காட்டும் டே புக்கில் 394-க்குப் பிறகு விற்பனையே இல்லை. என் 26-ல் ஒன்பது காணோம். செப்டம்பர் கடைசி வாரத்து பேங்க் பதிவுகளிலும் இரண்டு இல்லை. அதற்குள் பழுதுபார்த்த அந்தக் கணக்கு கிளவுடுக்கு ஏறி, அங்கிருந்து என் லேப்டாப்புக்கு இறங்கி, நேற்று இரவு என்னிடம் சரியாக இருந்ததையும் அழித்திருந்தது.

இப்படி உங்களுக்கு நேர்ந்தால், தயவுசெய்து முதலில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் நெட்டைத் துண்டியுங்கள். அதற்கடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரையும் அப்படியே வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். பழுதுபார்ப்பதை அந்த நகலில்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு இது தெரிந்திருந்தால் என் 26 பதிவுகளும் முழுதாகப் பிழைத்திருக்கும், தம்பியின் 18 பில்லை மட்டும் திரும்பப் போட்டிருப்போம்.

பழைய பதிப்புகளை மீட்கும் வசதி கிளவுடில் உண்டே என்று மருமகன் சொன்னார். உண்டுதான். ஆனால் அது ஃபைலுக்கு ஃபைல் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரத்தில் எடுத்த பதிப்புகள். ஒன்றோடொன்று பொருந்தும் நேரத்தில் அத்தனை ஃபைலையும் பிடித்து நிறுத்த ஒரு பகல் முழுக்க முயன்றோம், முடியவில்லை.

ஆடிட்டர் சாருக்குப் போன் செய்தேன். திறந்துவிட்டதே சார், காணாமல் போனதை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஏம்மா, எது போச்சுன்னு தெரிஞ்சா மிச்சத்தை நம்பலாம். எது போச்சுன்னே தெரியாதப்ப எதை நம்புவீங்க? பழைய பேக்கப் இருந்தா அதுலிருந்து போடுங்க" என்றார்.

இருந்த ஒரே பேக்கப் அவருக்காகச் செப்டம்பர் 15 அன்று எடுத்துக் கொடுத்தது. ஞாயிறு, அக்டோபர் 11, செப்டம்பர் மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள். கையில் மூன்று நாள்.

கெட்டுப்போன கணக்கின் டே புக்கை அச்செடுத்துச் சரிபார்க்கும் பட்டியலாக மட்டும் வைத்துக்கொண்டோம். பில் ஃபைல், பேங்க் ஸ்டேட்மென்ட், அரசு போர்ட்டலிலிருந்து எடுத்த இ-வே பில் (சரக்கு போக எடுக்கும் மின்னணுச் சீட்டு) பட்டியல், எங்களுக்கு விற்றவர்கள் காட்டியிருந்த விவரங்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினோம். இத்தனை மாதத்தில் முதல் முறையாக முகக்கவசத்தோடு நான் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். முதலாளியின் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், எதிரே உட்கார்ந்து பில் எண், பார்ட்டி, தொகை என்று ஒவ்வொன்றாக வாசித்தார். நான் அடித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் 388-ன் ஆபீஸ் காப்பியே ஃபைலில் இல்லை என்று தெரிந்தது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் போனால்தான் இ-வே பில் வேண்டும், இது அதற்குக் கீழே. அதனால் போர்ட்டலிலும் கிடையாது. வரிசையை வைத்து அது சேலத்துப் பார்ட்டியாக இருக்குமென்று அண்ணி யூகித்தார். அண்ணா போன் செய்ததும் அந்தக் கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு பில்லைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டவள். ஞாயிறு மாலை ரிட்டர்ன் போனது.

ஒரு பில் விடுபட்டால் பாதிப்பு எங்கள் கணக்கோடு நிற்பதில்லை. 2022 ஜனவரியிலிருந்து நாங்கள் ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டாத பில்லுக்கு வாங்கியவர் வரி கிரெடிட் எடுக்க முடியாது. அவர் பணத்தை நிறுத்துவார், அப்புறம் அடுத்த ஆர்டரையும் யோசிப்பார்.

அப்பா காங்கேயத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பேரேடு எங்கம்மா இருந்துச்சு?" அவர்கள் காலத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்ட பேரேடு ஒன்றுதான், அது மில்லின் இரும்பு பீரோவை விட்டு வெளியே போகாது. வெளியே போவது கார்பன் காப்பி. கார்பன் காப்பியில் யாரும் கணக்கு எழுத மாட்டார்கள். எங்களுடையது எங்கே இருந்தது என்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தது, மேலே மூன்றாவது இடத்திலும் இருந்தது.

அதற்கப்புறம் ஏற்பாட்டை மாற்றினோம். உயிரோடு இருக்கும் கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரின் டி டிரைவில், சின்க் ஃபோல்டருக்கு வெளியே. நான் வீட்டிலிருந்து, தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் வேலை செய்கிறேன். வருவது திரையின் படம்தான், ஃபைல் எதுவும் நகர்வதில்லை. ஒரே கம்ப்யூட்டர் என்பதால் ஆறு மணி வரை தம்பி, அதற்கு மேல் நான். இது கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் பழகிவிட்டது. எனிடெஸ்க் எண்ணையோ கடவுச்சொல்லையோ போனில் கேட்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த வழியில் பேங்க் பணத்தைத் திருடுபவர்கள் உண்டு.

லேபிள் கம்பெனியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். அங்கே பலர் பயன்படுத்தும் கோல்டு லைசென்ஸ் எடுத்து, டேலியையே வாடகை சர்வரில் வைத்திருக்கிறார்கள். மாத வாடகை உண்டு. நான்கு பேரும் எழுதுவது ஒரே கணக்கில்தான், பதிவுகளை வரிசைப்படுத்தும் வேலையை டேலி பார்த்துக்கொள்கிறது.

கிளவுட் சேமிப்பை நாங்கள் கைவிடவில்லை. இப்போது அதற்கு மூடிய நகல் மட்டும் போகிறது. தினமும் வேலை முடிந்ததும் கம்பெனியை மூடி, டேலியின் புதிய பதிப்பான டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி டேட்டா மெனுவில் பேக்கப் எடுக்கிறோம். அதை அன்றைய தேதியில் ஒரு ஜிப் ஃபைலாகக் கடவுச்சொல் போட்டுக் கட்டி, கிளவுட் ஃபோல்டரில் வைக்கிறோம். பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, 2025-06-14 என்பதுபோல. அப்படி வைத்தால் வரிசை தானாக அமையும். முந்தின நாள் ஃபைலின் மேல் எழுதுவதே இல்லை. மாறாத ஃபைலில் சின்க் குழம்ப வழியில்லை. எங்கள் ஒரு நாள் பேக்கப் 60 எம்பி சுமார். கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான், ஆனாலும் நிறுவனத்துக்கென்று தனிக் கணக்கு வைத்தால் போதும். கடைசி 31 நாள், அதற்கு முன்னால் மாதக் கடைசி மட்டும், ஆண்டு முடிவு எப்போதும் என்று வைத்துக்கொள்கிறோம்.

சின்க் ஃபோல்டர் இருப்பதால் தனியாக பேக்கப் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். அதனால் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்கும் உண்டு. சனிக்கிழமை ஒன்று அண்ணா வீட்டுக்குப் போகும், மற்றது ஆபீஸுக்கு வரும். நகல் எடுக்கும் நேரம் தவிர அதைக் கம்ப்யூட்டரில் செருகி வைப்பதில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு பேக்கப்பை என் லேப்டாப்பில் தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து பார்ப்பேன். கடைசி விற்பனை பில் எண், பேங்க் பாக்கி, டிரயல் பேலன்ஸ் மொத்தம் மூன்றையும் ஆபீஸ் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதுகிறேன். 2022 மே மாதம் அப்படிப் பார்த்தபோது பில் எண் மார்ச் 31-லேயே நின்றிருந்தது. ஏப்ரலில் கணக்கைப் பிரித்துப் புது ஆண்டுக்குத் தனிக் கம்பெனி உண்டாக்கியிருந்தோம். பேக்கப் மட்டும் பழைய கம்பெனிக்கே போய்க்கொண்டிருந்தது. தினமும் ஃபைல் ஏறியது, தேதியும் சரியாக இருந்தது, உள்ளே பழைய ஆண்டு. திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது.

ஆடிட்டர் ஆபீஸுக்குத் தனி ஃபோல்டர், பார்க்க மட்டும் உரிமை. முன்பெல்லாம் அவர்களும் திருத்தங்களைத் தங்கள் பக்கத்து நகலில் போடுவார்கள், நானும் இங்கே எழுதிக்கொண்டிருப்பேன், செப்டம்பரில் ஆடிட் முடியும் நேரம் இரண்டு கணக்கு இருக்கும். இப்போது திருத்தங்கள் பட்டியலாக வருகின்றன, நான் ஆபீஸ் கணக்கில் பதிகிறேன். சார் முதலில் சங்கடப்பட்டார், ஒரு ஆண்டில் அவருக்கே அது பிடித்துப்போனது.

பகிரும்போது 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கணக்குக்குள் பான் எண், பேங்க் கணக்கு எண், கூலி விவரம் எல்லாம் இருக்கிறது. நமக்கு ஜாப் ஒர்க் செய்யும் டைலர் அக்காக்களின் சம்பளம் யாரோ பார்ப்பதற்கு இல்லை. குறிப்பிட்ட மெயில் முகவரிக்குக் கொடுத்து, ஆள் வேலையை விட்டதும் அன்றே நீக்க வேண்டும்.

அந்த கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். காஜா பட்டன் யூனிட்டில் அது முன்பிருந்த ஒரு கணக்காளரின் சொந்த மெயிலில் இருந்தது. அவர் நல்லவர், வேறு ஊருக்குப் போன பின்பும் கேட்டதும் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். அவர் போன் எண்ணை மாற்றியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் யோசிக்கிறேன். இப்போது மூன்று இடத்திலும் நிறுவனத்தின் மெயில்தான், இரண்டு அடுக்குச் சரிபார்ப்போடு. மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து உறையில் போட்டு வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார்கள். டேலியில் கணக்கையே பூட்டி வைக்கும் டேலி வால்ட் கடவுச்சொல்லும் அதே உறையில். அது மறந்துபோனால் கணக்கைத் திறக்க வேறு வழியே இல்லை.

பில் ஸ்கேன், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் போன்றவை சின்க் ஃபோல்டருக்குப் பொருத்தமானவை. ஒரு முறை வைத்தால் மாறாது. டெஸ்பாட்ச் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறோம். மூன்று பேர் ஒன்றாக எழுதினாலும் அது ஒரே இடத்தில் விழுகிறது. அதையே எக்ஸல் ஃபைலாக்கிச் சின்க் ஃபோல்டரில் போட்டு இரண்டு பேர் திறந்தால் பழைய தொல்லை சின்ன அளவில் வரும்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் கேட்டால், ஜோஹோ புக்ஸ் மாதிரி பிரவுசரிலேயே ஓடும் கணக்கு மென்பொருளையும் பார்க்கச் சொல்கிறேன். ஃபைல் சின்க் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் அங்கேயும் மாதம் ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2023-ல் அதே மாதிரி மென்பொருளான குவிக்புக்ஸ் இந்தியாவில் சேவையை நிறுத்தியபோது பயன்படுத்தியவர்கள் எல்லோரும் தரவை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு கழித்து இன்றைய மென்பொருள் இன்றைய ஃபைலைத் திறக்கும் என்று எண்ணி இருந்துவிடாமல், ஆண்டு முடிவில் டே புக், லெட்ஜர்கள், டிரயல் பேலன்ஸ் மூன்றையும் பிடிஎஃப் ஆகவும் சேர்த்து வைக்கிறேன். பிரைவேட் லிமிடெட்டுக்கு விதி இன்னும் கடுமை. 2022 ஆகஸ்டிலிருந்து கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். லேபிள் கம்பெனிக்கு இடம் தேடும்போது இதைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

பனியன் கம்பெனியில் யூபிஎஸ் பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. தம்பி இப்போது அங்கே மேனேஜர். பேக்கப் ஏற்றுவதை வேறு யாரிடமும் விடுவதில்லை. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவனிடமிருந்து வழக்கமான செய்தி வந்தது. "அக்கா, ஏறிருச்சுங்க. 1187 வரைக்கும்." நோட்டை எடுத்து 1187 என்று எழுதிவிட்டு எனிடெஸ்கைத் திறந்தேன்.